பரண்ல கிடந்த டெலஸ்கோப்: கழுவுறதா, சர்வீஸுக்குக் குடுக்கிறதா, ரசம் பூசுறதா, இல்ல அப்படியே விடுறதா?

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் ஞாபகம் இருக்கா? கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம தலைக்கு மேலயே போச்சு. அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி டெலஸ்கோப் வாங்குனவங்க எங்க தெருவுலயே ரெண்டு வீடு. அப்புறம் மூணே மாசத்துல கொரோனா, அதுக்கப்புறம் வேலை, குழந்தை, வீடு மாத்துனது, பெட்டி பரணுக்குப் போயிடுச்சு. 2025 செப்டம்பர் 7 முழு சந்திர கிரகணத்துக்குத்தான் ஞாபகம் வந்து இறக்கிப் பாக்குறாங்க, மூடியத் திறந்தா கண்ணாடி பூரா புள்ளி புள்ளியா, ஓரத்துல சிலந்தி நூல் மாதிரி என்னமோ படர்ந்து கிடக்கு. உடனே எனக்கு போன்.

சமீபத்துல கேட்டவங்க மூணு பேரு. ஒருத்தர் திருவான்மியூர், 8 இஞ்ச் டாப்சோனியன் (கண்ணாடி வச்சது, பெட்டி மாதிரி ஸ்டாண்டுல திரும்பும்), பீச்சுல இருந்து நடக்குற தூரத்துல வீடு. இன்னொருத்தர் தென்காசிப் பக்கம் ஸ்கூல் வாத்தியார், ஸ்கூல் பீரோவுக்குள்ள 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் வச்சது), முன் லென்ஸுக்கு நடுவுல பூஞ்சை. மூணாவது என் மாமா பையன், அவன்கிட்ட இருக்குறது 76 மி.மீ. குட்டி ரிஃப்ளெக்டர் (இதுவும் கண்ணாடி வச்சது). மூணு பேரும் கேட்டது ஒண்ணுதான், "எங்க சர்வீஸ் குடுக்கலாம், எவ்வளவு ஆகும்?" மூணு பேருக்கும் நான் சொன்ன பதில் வேற வேற. ஏன்னு விளக்கமா எழுதிட்டா அடுத்த தடவை லிங்க் அனுப்பிட்டு நான் பாட்டுக்கு தூங்கலாம்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

நான் அஞ்சு விஷயம் பாப்பேன்.

ஒண்ணு, அழுக்கு என்ன ஜாதி. தூசியா, எண்ணெய்ப் படலமா, பூஞ்சையா, இல்ல கோட்டிங்கே (மேல இருக்குற பளபளப்புப் பூச்சு) போயிடுச்சா. இது தெரியாம வேற எதையும் பேசிப் பிரயோஜனம் இல்ல.

ரெண்டு, உங்க கையில இருக்குறது கண்ணாடியா லென்ஸா. இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. வீட்டுல முகம் பாக்குற கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும், முன்னாடி வெறும் கிளாஸ், அதனால எவ்வளவு தேய்ச்சாலும் ஒண்ணும் ஆகாது. டெலஸ்கோப் கண்ணாடிக்கு ரசம் முன்பக்கம். அது ரசமும் இல்ல, வெற்றிடத்துல ஆவியாக்கிப் படிய விட்ட அலுமினியம், கனம் சுமார் 100 நானோமீட்டர், அதாவது நம்ம தலைமுடி கனத்துல கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு பங்குதான். மேல ஒரு சிலிக்கா பாதுகாப்புப் பூச்சு இருக்கும், அவ்வளவுதான். அதுல இருக்குற மண் துகளை துணி வச்சு துடைச்சீங்கன்னா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். லென்ஸ் அந்த விதத்துல கொஞ்சம் தாங்கும், ஆனா அதைக் கழட்டி மாட்டுறதுல வேற ஆபத்து, பின்னாடி சொல்றேன்.

மூணு, தப்பாப் போச்சுன்னா திரும்பச் சரி பண்ண முடியுமா. தூசி நாளைக்கும் அங்கதான் இருக்கும், நிதானமா யோசிக்கலாம். கீறல் விழுந்தா விழுந்ததுதான்.

நாலு, மொத்தச் செலவு. சர்வீஸ் சார்ஜ் மட்டும் இல்ல, பேக்கிங், போக வர கூரியர், வழியில உடைஞ்சா யாரு பொறுப்பு, திரும்பி வந்ததும் கோலிமேஷன் (கண்ணாடிகளை ஒரே நேர்க்கோட்டுல சரி பண்றது) யாரு பண்றது, நல்ல வானம் இருக்குற மாசத்துல கருவி கையில இல்லாம போறது, எல்லாம் சேர்த்துத்தான்.

அஞ்சு, அந்த டெலஸ்கோப் அந்தச் செலவுக்கு லாயக்கா. சொன்னா கோச்சுக்குவாங்க, ஆனா சொல்லித்தான் ஆகணும்.

## டார்ச் அடிச்சுப் பாத்து பயந்துடாதீங்க

எல்லாரும் முதல்ல பண்றது டியூபுக்குள்ள செல்போன் டார்ச் அடிக்கிறது. அப்படி அடிச்சா போன வாரம் கடையில இருந்து வந்த கண்ணாடி கூட குப்பைத்தொட்டி மாதிரிதான் தெரியும், சைடு வெளிச்சத்துல ஒவ்வொரு தூசியும் நட்சத்திரமா மின்னும். அதை போட்டோ எடுத்து அனுப்பி "போச்சா?"ன்னு கேக்குறாங்க.

ஒரு சின்ன கணக்கு. என்னோட 6 இஞ்ச் டாப்ல (டாப்சோனியனைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) பிரைமரி, அதாவது அடியில இருக்குற பெரிய கண்ணாடி, 150 மி.மீ., அதுக்கு முன்னாடி தொங்குற செகண்டரி, அதாவது குட்டிக் கண்ணாடி, சுமார் 35 மி.மீ. பரப்பளவுல பாத்தா செகண்டரி மறைக்கிறது மட்டுமே அஞ்சு சதவீதத்துக்கு மேல. அதை வச்சுக்கிட்டுத்தான் சனி வளையமும் வியாழன் பட்டையும் பாக்குறோம். கண்ணாடியில இருக்குற தூசி எல்லாத்தையும் கூட்டி ஒரு மூலையில ஒதுக்கினா ஒரு சதவீத இடத்தைப் பிடிச்சாலே அதிகம். நிலா ஓரத்துல ஒரு மங்கல் வரும், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனா "ஒண்ணுமே தெளிவாத் தெரியல"ன்னு சொல்றவங்களுக்கு முக்காவாசி காரணம் தூசி இல்ல. ஐபீஸ்ல (கண்ணு வச்சுப் பாக்குற குட்டி லென்ஸ்) இமை எண்ணெய் ஒட்டியிருக்கும், இல்ல கோலிமேஷன் போயிருக்கும், இல்ல ஏசி ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்து அஞ்சு நிமிஷத்துல பாத்திருப்பாங்க.

அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வெளியில வைங்க, முக்கா மணி நேரம் ஆற விடுங்க, அப்புறம் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்க. வெளிநாட்டுக்காரங்க எழுதுற வழிகாட்டி எல்லாத்துலயும் "துருவ நட்சத்திரத்தைப் பாரு, அது நகராது"ன்னு இருக்கும். நமக்கு அது ஆகாது, திருச்சியில துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து சுமார் 11 டிகிரி உயரத்துலதான் நிக்குது, புழுதியும் தெருவிளக்கு வெளிச்சமும் தாண்டி அது கொதிக்கிற சாம்பார் மாதிரி துள்ளும். நமக்கு உச்சிக்கிட்ட வர்றது திருவோணம், ரோகிணி, மகம், சுவாதி, அந்தந்த சீசன்ல எது இருக்கோ அதை எடுத்துக்கங்க. அது நேர் உச்சியில நிக்கும்போது டாப்சோனியனைத் திருப்புறது கஷ்டம், அதனால ஒரு மணி நேரம் முன்னாடி பாருங்க. 150 மடங்கு உருப்பெருக்கம் வச்சு ஃபோகஸை லேசா உள்ள வெளிய நகர்த்துனா வட்ட வட்டமா வளையம் தெரியணும், ஒரு பக்கமா ஒதுங்கினா கோலிமேஷன், முக்கோணமாத் தெரிஞ்சா கண்ணாடியை கிளிப் நெரிக்குதுன்னு அர்த்தம். இது ரெண்டுக்கும் தண்ணியும் சோப்பும் தேவையில்ல, ஸ்க்ரூ டிரைவர் போதும்.

பகல்ல கண்ணாடியைப் பாத்தும் ஒரு முடிவுக்கு வரலாம்:

| என்ன தெரியுது | பெரும்பாலும் என்ன | எந்த வழி |
|---|---|---|
| தனித்தனிப் புள்ளி, ஊதினா நகருது | தூசி | அப்படியே விடுங்க |
| மங்கலான படலம், பல்லி எச்சம், விரல் ரேகை | எண்ணெய், அமிலம் | சீக்கிரம் கழுவுங்க |
| நூல் நூலா, பூ மாதிரி படர்ந்தது, கண்ணாடி மேல | பூஞ்சை | கழுவுங்க |
| அதே பூஞ்சை, ரெண்டு லென்ஸுக்கு நடுவுல | பூஞ்சை | தெரிஞ்ச ஆளுகிட்ட மட்டும் |
| ஓரத்துல உரிஞ்சு போன மாதிரி, பழுப்பு வட்டம், பின்னாடி பல்பு வச்சா ஊசி ஓட்டை நிறைய | கோட்டிங் போச்சு | ரீகோட்டிங் |

## வழி 1: ப்ளோயரோட நிறுத்திக்கிறது

கேமரா கடையில விக்கிற ரப்பர் பல்ப் ப்ளோயர் ஒண்ணு, டியூபை படுக்கப் போட்டு, கண்ணாடி நேரா நிக்கிற மாதிரி வச்சு ஊதுறது. முடிஞ்சுது. வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். கம்ப்யூட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம், சாய்ச்சுப் பிடிச்சா உள்ள இருக்குற திரவம் குளிர்ந்து தெறிச்சு கண்ணாடியில கறை விழும்.

செலவு சில நூறு ரூபா, ஆபத்து கிட்டத்தட்ட பூஜ்யம். மறைமுகச் செலவுன்னு ஒண்ணே ஒண்ணு, பூஞ்சையை தூசின்னு நினைச்சு விட்டுட்டா அது அமிலம் கக்கிக்கிட்டே இருக்கும், ஒரு மழைக்காலம் தாண்டுனா பூச்சைத் தின்னு கிளாஸ்லயே தடம் விழுந்துடும். அப்புறம் கழுவினாலும் பூஞ்சை போகும், தடம் போகாது. தூசிக்கு பொறுமை நல்லது, பூஞ்சைக்கு பொறுமை கூடாது.

ஐபீஸ் மட்டும் இதுல விதிவிலக்கு, அதை எப்பவும் சுத்தம் பண்ணலாம். ஊதிட்டு, பஞ்சு முனையில ரெண்டு சொட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு நடுவுல இருந்து வெளிய சுழட்டித் துடைங்க. பத்துல அஞ்சு பேருக்கு இதோட பிரச்சனை தீர்ந்துடும்னு என் அனுபவம்.

## வழி 2: நாமளே கழுவுறது

இது ரிஃப்ளெக்டர் வச்சிருக்கவங்களுக்கு மட்டும். கேக்கவே பயமா இருக்கும், கண்ணாடியைக் கழட்டி பேசின்ல போட்டு சோப்புத் தண்ணியில ஊற வைக்கிறதான்னு. ஆனா துணியில துடைக்கிறதை விட இதுதான் பத்திரம், தண்ணிக்குள்ள இருக்கும்போது மண் துகள் மிதந்து போயிடும்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்னா, துடைச்சுப் பாத்தவன் நான். முதல் டெலஸ்கோப், செகண்டரியில ஒரு பொட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி, ரெண்டே இழுப்பு. பிறை மாதிரி வளைஞ்ச கீறல் மூணு, இன்னைக்கும் இருக்கு, யாராவது துணியை எடுத்தா அதைக் காட்டுவேன்.

போன வருஷம் என்னோட 6 இஞ்ச்சைக் கழுவினப்ப நடந்ததை அப்படியே சொல்றேன். டியூபை கட்டில்ல படுக்கப் போட்டாச்சு. பின்னாடி வளையத்தைச் சுத்தி ஆறு சின்ன ஸ்க்ரூ, கழட்டுறதுக்கு முன்னாடி டியூபுக்கும் வளையத்துக்கும் குறுக்கால ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி பிளேடால நடுவுல வெட்டி விட்டேன், திரும்ப மாட்டும்போது அதே இடத்துல உக்காரும். கண்ணாடியைப் பிடிச்சிருக்குற மூணு கிளிப்பையும் எடுத்தாச்சு. இதுக்கு முன்னாடியே மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி பக்கத்து ரூம்ல வச்சாச்சு, வீட்டுல வளையல் போட்டவங்க உதவிக்கு வந்தா அவங்களையும் கழட்டச் சொல்லுங்க. பிளாஸ்டிக் பேசின் அடியில மடிச்ச துண்டு, மேல கண்ணாடி, முகம் மேல பாத்து. முதல்ல குழாய்த் தண்ணி மெதுவா ஓடவிட்டு தூசி போகட்டும்னு விட்டேன். அப்புறம் தண்ணி ரொப்பி பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டே சொட்டு, இருபது நிமிஷம் ஊறல்.

ஊறினதும் மெடிக்கல் ஷாப் பஞ்சு ரோல்ல இருந்து ஒரு கொத்து பிச்சு, தண்ணிக்குள்ளயே, பஞ்சோட சொந்த எடையில மட்டும், ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஒரே இழுப்பு, விரலால அமுக்கவே கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, தூக்கிப் போட்டுட்டு அடுத்தது. பதினாலோ பதினஞ்சோ பஞ்சு ஆச்சு. எங்க வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு "குழந்தைக்கு கூட இப்படிக் குளிப்பாட்டுனது இல்ல"ன்னாங்க, உண்மைதான்.

இப்பதான் முக்கியமான இடம். நம்ம ஊர் போர் தண்ணியை அப்படியே காய விட்டா கெட்டில் அடியில படியுற மாதிரி வெள்ளை உப்புக் கறை படியும், கழுவுனதே வீண். கடைசி அலசல் கண்டிப்பா டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டருக்குக் குறையாம, தாராளமா ஊத்துங்க. பெட்ரோல் பங்க்ல பேட்டரிக்கு விக்கிறது போதும், ஆனா கேனைப் படிச்சு வாங்குங்க, ஆசிட் கலந்ததும் அதே அலமாரியில நிக்கும். அப்புறம் கண்ணாடியை சுவத்துல சாய்ச்சு நிக்க வச்சு, ஃபேனை நிறுத்திட்டு, நிக்கிற ரெண்டு மூணு சொட்டை டிஷ்யூ பேப்பர் முனையால தொட்டு எடுத்தா சரி. கொலின் மாதிரி ஜன்னல் கண்ணாடி லிக்விட் பக்கமே போகாதீங்க, அந்த வகையில அம்மோனியா கலந்தது உண்டு, அம்மோனியா அலுமினியத்தை அரிக்கும்.

திரும்ப மாட்டும்போது கிளிப்பை இறுக்காதீங்க, கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழையணும். செகண்டரியைக் கழட்டுறதா இருந்தா டியூப் எப்பவும் படுக்கையில இருக்கட்டும், நிக்க வச்சுக் கழட்டி கை தவறினா அது நேரா போய் விழுறது பிரைமரி மேல. செகண்டரியை ஊற வைக்கவும் வேண்டாம், அது பசையில ஒட்டியிருக்கும், மேல தண்ணியை ஊத்தி பஞ்சை இழுத்து அலசினா போதும்.

எனக்கு ஆன செலவு பஞ்சு, தண்ணி, டேப் எல்லாம் சேர்த்து முன்னூத்தம்பது ரூபாக்குள்ள. மறைமுகச் செலவு கோலிமேஷன். கழட்டி மாட்டினா கண்டிப்பா போகும், அது தெரியாதவங்க கழுவிட்டு "முன்னாடியே நல்லா இருந்துச்சு"ன்னு புலம்புவாங்க. கோலிமேஷன் சரி பாக்குறதுக்குன்னே இருக்குற ஒரு செஷயர் ஐபீஸ் வாங்கி வச்சுக்கங்க. சீப்பான லேசர் வாங்காதீங்க, அந்த லேசரே கோணலா இருக்கும், அதை நம்பி கண்ணாடியையும் கோணலாக்கிடுவீங்க.

கை நடுக்கம் இருக்கவங்க, அவசரக்காரங்க, எஸ்சிடி (ஷ்மிட்-காசெக்ரெய்ன், முன்பக்கம் கிளாஸ் போட்டு மூடின குட்டை டெலஸ்கோப்) வச்சிருக்கவங்க இந்த வழிக்கு வர வேண்டாம். எஸ்சிடியில முன்னாடி இருக்குற கரெக்டர் கிளாஸைக் கழட்டினா அது எந்தக் கோணத்துல இருந்துச்சோ அதே கோணத்துல திரும்ப உக்காரணும். வெளிப்பக்கம் மட்டும் ஊதித் துடைச்சுக்கங்க.

## வழி 3: ஆளுகிட்ட குடுக்கிறது

இதுல மூணு வகை ஆளு இருக்காங்க, மூணையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறதாலதான் குழப்பம்.

டெலஸ்கோப் விக்கிற கடைக்காரங்க. சுத்தம், கோலிமேஷன், ஃபோகஸர் கிரீஸ் எல்லாம் சேர்த்துப் பண்ணித் தருவாங்க. வருஷக்கணக்கா கிடந்த கருவியில கிரீஸ் காஞ்சு கோந்து மாதிரி ஆயிருக்கும், மோட்டார் இருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கும், அதையும் ஒரே இடத்துல பாத்துக்கலாம்ங்கிறது இதுல லாபம். நஷ்டம் தூரம். 8 இஞ்ச் டாப்பை முழுசா கூரியர்ல போடுறது பைத்தியக்காரத்தனம், டியூப் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல நீளம். கண்ணாடியை மட்டும் அனுப்பினா திரும்பி வந்ததும் மாட்டிச் சரி பண்ற வேலை உங்களுக்குத்தான், அப்போ பாதி வேலை நீங்களே பண்ணின மாதிரிதான்.

கேமரா லென்ஸ் சர்வீஸ் பண்றவங்க. பூஞ்சை எடுக்கிறதுல இவங்க கை ராசியானது, சென்னை, கோவை மாதிரி ஊர்ல தினம் அதே வேலை. ஐபீஸ், பைனாகுலர் எல்லாம் நம்பிக் குடுக்கலாம். ஆனா ரிஃப்ராக்டர் முன் லென்ஸைக் குடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்க. என் ஃபிரெண்டு ஒருத்தன் 80 மி.மீ. லென்ஸை அப்படி ஒரு கடையில குடுத்தான், எந்தக் கடைன்னு இங்க வேண்டாம். வந்தப்ப கண்ணாடி பளிங்கு மாதிரி, ஒரு பொட்டு பூஞ்சை இல்ல. ராத்திரி வியாழனைப் பாத்தா ஃபோகஸே ஆகல, சுத்தி ஒரு பனிமூட்டம், என்ன திருகினாலும் வழவழன்னு ஒரு உருண்டை. கழட்டிப் பாத்தா முன் கிளாஸ் திரும்பிப் போட்டு மாட்டியிருக்கு, ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல இருக்க வேண்டிய மூணு குட்டி ஃபாயில் துண்டு காணோம், குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டாங்க போல. அந்த மூணு துண்டுதான் ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இடைவெளியைக் காப்பாத்துறது. கடைக்காரரு மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, அவரு வேலை அவருக்கு சுத்தமாத் தெரியும், இது வேற வேலை.

அதனால குடுக்கும்போது இதைக் கேளுங்க: கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு லென்ஸோட ஓரத்துலயும் பென்சில்ல அம்புக்குறி போடுவீங்களா, எந்தப் பக்கம் வெளிய, எந்தக் கோணம்னு? ஸ்பேசரை, அதாவது அந்த ஃபாயில் துண்டுகளை, பத்திரமா வைப்பீங்களா? "அதெல்லாம் எதுக்கு சார்"னு பதில் வந்தா லென்ஸைப் பையில போட்டுட்டு கிளம்பிடுங்க.

மூணாவது, வானம் பாக்குற ஆர்வலர்கள். எனக்குப் பிடிச்ச வழி இதுதான். திருச்சி அண்ணா அறிவியல் மையம், சென்னை பிர்லா கோளரங்கம் மாதிரி இடங்கள்ல வான்நோக்கு நிகழ்ச்சி வைக்கும்போது போனீங்கன்னா கூட்டத்துல ஒருத்தராவது சொந்தமா கண்ணாடி தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணினவரு இருப்பாரு, அறிவியல் இயக்கத்துக்காரங்க கிட்ட விசாரிச்சாலும் ஆள் கிடைக்கும். காசு வாங்க மாட்டாங்க, அதுதான் இதுல மறைமுகச் செலவே. அவங்க நேரத்துக்கு நாம காத்திருக்கணும், அவசரப்படுத்த முடியாது, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பக்கத்துல இருந்து கத்துக்கணும். ஆனா அடுத்த தடவை யாரையும் கேக்க வேண்டியது இருக்காது.

## வழி 4: ரீகோட்டிங், அதாவது திரும்ப அலுமினியம் பூசுறது

"கண்ணாடிக் கடையில ரசம் பூசித் தருவாங்களா?"ன்னு கேட்டவங்களும் உண்டு. தர மாட்டாங்க, அவங்க பூச்சு பின்பக்கத்துக்கு. இதுக்கு வெற்றிட அறை வேணும்.

பழைய காலத்துல டெலஸ்கோப் கண்ணாடிக்கும் வெள்ளிதான் பூசினாங்க, அது கறுத்துப் போகும், மாசக் கணக்குல திரும்பத் திரும்பப் பூசணும். 1930-கள்ல ஜான் ஸ்ட்ராங்னு ஒரு இயற்பியல்காரர் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிற முறையைக் கொண்டு வந்தாரு, 1935-ல மவுண்ட் வில்சன் 100 இஞ்ச் கண்ணாடிக்கே அதைப் பண்ணினாங்க. அலுமினியமும் நிரந்தரம் இல்ல. நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல இருக்குற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோட கண்ணாடிக்கும் அப்பப்ப பூச்சு மாத்துறாங்க, அதுக்கு அங்கயே வெற்றிட அறை வச்சிருக்காங்க. அதனால ரீகோட்டிங்னா கருவி செத்துப் போச்சுன்னு இல்ல, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

எப்போ இது தேவை? கணக்கு போட்டுப் பாக்கலாம். புது சாதாரண பூச்சு 88 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும், ரெண்டு கண்ணாடி, அப்போ 0.88 தடவை 0.88, 77 சதவீதம் கண்ணுக்கு வருது. பூச்சு கெட்டு ஒவ்வொண்ணும் 75 ஆயிடுச்சுன்னு வச்சுக்கங்க, 56 சதவீதம். நட்சத்திரப் பிரகாசத்தை அளக்குற மேக்னிட்யூட் கணக்குல சுமார் 0.35 நஷ்டம். நிலா, வியாழன், சனி பாக்குறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. கேலக்ஸி, நெபுலா தேடுறவங்களுக்கு வலிக்கும். ஊருக்கு நடுவுல மொட்டை மாடியில இருந்து பாக்குறவங்களுக்கு இதை விட பக்கத்து வீட்டு எல்இடி லைட்தான் பெரிய நஷ்டம், அவங்ககிட்ட பேசி அதை அணைக்க வைக்கிறது ரீகோட்டிங்கை விட சீப்.

ரேட் கேக்கும்போது பூச்சுக்கு மட்டும் கேக்காதீங்க. பழைய பூச்சை எடுக்கிறது இதுல அடக்கமா, மேல பாதுகாப்புப் பூச்சு உண்டா, செகண்டரியும் சேர்த்தா, இந்த மூணையும் கேளுங்க. பாதுகாப்புப் பூச்சு இல்லாத வெறும் அலுமினியம் கடற்கரை ஊர்ல சீக்கிரம் போயிடும். இன்னொண்ணு, கண்ணாடி நடுவுல ஒட்டியிருக்குற குட்டி வளையம், கோலிமேஷனுக்கு அடையாளம், அது போயிடும், வந்ததும் நீங்க அளந்து ஒட்டணும். பேக்கிங்கும் உங்க பொறுப்பு, முகத்துல எதுவுமே படாத மாதிரி ஓரத்தை மட்டும் பிடிக்கிற மரப்பெட்டி, அதுக்கு ஆசாரிகிட்ட ஒரு நாள் ஆகும். சிலர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக்ஸ் பிசிபி போர்டுக்கு விக்கிற ஃபெரிக் குளோரைடு வாங்கி பழைய பூச்சைத் தாங்களே எடுக்கிறாங்க, முடியும்தான், ஆனா பூசுற இடத்துல எப்படியும் அவங்க முறைப்படி திரும்பக் கழுவத்தான் போறாங்க, நீங்க எதுக்கு கையையும் பேசினையும் பழுப்பாக்கிக்கணும்.

முழுசா ஒண்ணு ரெண்டு மாசம் போகும்னு வச்சுக்கங்க. அனுப்புறதா இருந்தா ஐப்பசி மழையில அனுப்புங்க, எப்படியும் வானம் தெரியாது.

## வழி 5: விட்டுட்டு புதுசு

சின்னதாச் சொல்லிடுறேன். 76 மி.மீ., ஆட்டம் போடுற மூணு கால் ஸ்டாண்டு, பிளாஸ்டிக் ஃபோகஸர், இதுக்கு சர்வீஸ் காசு போடாதீங்க. கூரியருக்கும் பேக்கிங்குக்கும் ஆகுற காசே புதுசோட விலையில கணிசமான பங்கு வந்துடும். 6 இஞ்ச், 8 இஞ்ச் டாப்னா நேர் எதிர், உள்ள இருக்குற கிளாஸோட வடிவம் அப்படியே இருக்கும், பூச்சுதான் கெட்டிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறது டயர் தேஞ்சதுக்கு கார் மாத்துற கதை. புதுசு வாங்கினாலும் அதே பரணுக்குத்தான் போகும்னா ஆறு வருஷம் கழிச்சு இதே கட்டுரையைத் திரும்ப படிப்பீங்க. காத்துல ஈரம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சைக்குக் கொண்டாட்டம், சென்னையில அது வருஷத்துல பாதி நாளுக்கு மேல. மூடி போட்டு, சிலிக்கா ஜெல் வச்சு, மாசம் ஒரு தடவை வெளிய எடுத்து காத்தாட விடுங்க.

எந்த வழியா இருந்தாலும், 2019-ல வாங்கின சோலார் ஃபில்டர் பெட்டிக்குள்ள இருந்தா அதை மட்டும் யோசிக்காம தூக்கிப் போடுங்க. பழைய ஃபிலிம்ல ஓட்டையோ கிழிசலோ விழுந்திருந்தா கண்ணுக்கே ஆபத்து. அதுல மிச்சம் பிடிக்க வேண்டாம்.

## மூணு பேருக்கும் என்ன சொன்னேன்

தென்காசி வாத்தியாருக்கு, லென்ஸை யாருகிட்டயும் குடுக்காதீங்க, நீங்களும் கழட்டாதீங்கன்னேன். பூஞ்சை ஓரத்துல ஒரு சின்ன திட்டு மட்டும், பசங்களுக்கு நிலாவும் சனியும் காட்டுறதுக்கு அது ஒரு தடையே இல்ல. வெளிப்பக்கம் துடைச்சு, ஐபீஸைச் சுத்தம் பண்ணி, பீரோவை விட்டு வெளிய எடுத்து காத்துப் படுற அலமாரியில வைக்கச் சொன்னேன். ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் டியூபுல வைக்கச் சொன்னேன், போன வருஷம் யாரோ லென்ஸ் நடுவுலயே வச்சுட்டாங்களாம். திட்டு வளருதான்னு மாசா மாசம் போட்டோ எடுத்து அனுப்புறாரு. வளர்ந்தா அப்போ அம்புக்குறி போடத் தெரிஞ்ச ஆளைத் தேடுவோம்.

மாமா பையன்கிட்ட ப்ளோயர் வாங்கு, வேற ஒரு பைசா போடாதன்னேன். அவன் அதையும் வாங்கல.

திருவான்மியூர்காரருக்குத்தான் ரொம்ப யோசிச்சேன். முதல்ல கழுவச் சொன்னேன், கழுவினாரு, பூஞ்சை போச்சு, ஆனா ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு பூச்சு உப்புக் காத்துல வெளுத்துக் கிடக்கு. பின்னாடி பல்பு வச்சு எடுத்த போட்டோவுல ஓட்டையை எண்ண முடியல, புளியோதரையில எள்ளுப் போட்ட மாதிரி. அவரு மாசம் ஒரு தடவை ஏலகிரிப் பக்கம் போயி கேலக்ஸி பாக்குற ஆளு, அவருக்கு அந்த 0.35 மேக்னிட்யூட் கணக்கு வலிக்கும். ரீகோட்டிங்தான்னு சொல்லிட்டேன். இப்போ ஆசாரி மரப்பெட்டி பண்ணிக்கிட்டு இருக்காரு, ஐப்பசியில அனுப்பணும்.

என்னோட 6 இஞ்ச்சுக்கும் அதே பல்பு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், ஏழு ஓட்டை. டியூபோட பின் வளையத்துக்கு உள்பக்கம் தேதி போட்டு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், அடுத்த தை மாசம் திரும்ப எண்ணணும்.